இரண்டு டிக் ஒலிகளுக்கு நடுவே

எங்கள் கார் நிறுத்திய இடத்தில் நிற்காது, படுத்துக்கொள்ளும். எஞ்சினை அணைத்த பத்து நிமிடங்களில் முதலில் பின்பாகம் தாழும், அடுத்து முன்பாகம். வயிறு தரையை நாலு விரற்கடை அளவுக்கு நெருங்கியதும் அப்படியே கிடக்கும். மறுபடி சாவியைத் திருப்பினால் ஒட்டகத்தைப் போலப் பின்புறத்தை முதலில் தூக்கிக்கொண்டு எழும். பாப்பாரப்பட்டிச் சந்தை நாளில் அது எழுவதைப் பார்ப்பதற்கென்றே சிலர் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்பார்கள்.

ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்பிய பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் விட்டுச் சென்ற வண்டி அது. எண்பதுகளின் நடுவில் எங்கள் கைக்கு வந்தபோதே அதற்கு வயது இருபதைத் தாண்டியிருந்தது. அதில் ஸ்பிரிங் கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு இரும்பு உருண்டைகள் இருந்தன. அவற்றின் ஒரு பாதியில் வாயு, மறு பாதியில் சிவப்பு எண்ணெய். பள்ளத்தில் சக்கரம் இறங்கினாலும் மடியில் இருக்கும் தம்ளர் பால் தளும்பாது. ஆனால் அதே எண்ணெய்தான் பிரேக்கைப் பிடித்தது, அதே எண்ணெய்தான் ஸ்டியரிங்கைத் திருப்பியது. எண்ணெய் போனால் மூன்றும் சேர்ந்து போகும்.

என் கணவர் நில அளவைத் துறையில் இருந்தார். கையேடு பிரெஞ்சில் இருந்ததால் ஓர் அகராதியை வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும் வரி வரியாகப் பொருள் சொல்வார். தமிழாசிரியையான நான் அதை நோட்டில் எழுதுவேன். இரண்டு ஆண்டுகளில் நான்கு நோட்டுகள் நிறைந்தன. காரை அவர் கைகளால் அறிந்திருந்தார். நான் எழுத்தால் மட்டும் அறிந்திருந்தேன்.

அந்த நோட்டுகளில் அடிக்கோடிட்ட பகுதி ஒன்று உண்டு. ஓடும்போது காரின் முன்பக்கத்திலிருந்து ஒரு 'டிக்' ஓசை கேட்கும். எண்ணெயின் அழுத்தம் குறைந்து, பம்பு மீண்டும் வேலையைத் தொடங்கும் ஓசை அது. இரண்டு டிக்குகளுக்கு நடுவே முப்பது எண்ண முடிந்தால் வண்டி நல்ல நிலையில் இருக்கிறது. எங்கள் வண்டியில் இருபது வந்தாலே அன்று அவர் முகம் மலர்ந்திருக்கும். பத்துக்குக் கீழே போனால் தொலைவுப் பயணம் கூடாது. ஐந்துக்கு வந்துவிட்டால் பிரேக்கை நம்பக் கூடாது.

ஒரு சித்திரை மாதத்துப் புதன்கிழமை காலை, வரைபடத்தின் கீழ்ப்பகுதி தெரியவில்லை என்றார். கறுப்புத் திரையொன்று கீழிருந்து மேலே ஏறுவதாகச் சொன்னார். ஆறு வயதில் கிட்டிப்புள் பட்டு அவருடைய இடது கண் போயிருந்தது. திரை ஏறியது வலது கண்ணில்.

பேருந்தில் தர்மபுரிக்குப் போனோம். கண் மருத்துவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "எதுல வந்தீங்க?" என்று கேட்டார். பேருந்து என்றதும் கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டார்.

"விழித்திரை உரிஞ்சுகிட்டு வருதுங்க. நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கு. அதுவும் கழண்டுட்டா என்ன பண்ணாலும் பழைய பார்வை வராது. பெங்களூர்ல பேசிட்டேன். நாளைக்கு சாயங்காலம் அஞ்சுக்குள்ள சேர்த்துட்டா மறுநாள் காலையில ஆபரேஷன். அந்த டாக்டர் அதுக்கப்புறம் ஒரு வாரம் ஊர்ல இல்ல. தலையணை இல்லாம மல்லாந்து படுத்தே போவணும். குலுங்கக் கூடாது. ஒரு பள்ளம் போதும்."

வாசலில் நின்ற வாடகைக் கார்களைப் பார்த்தேன். எல்லாம் பட்டை ஸ்பிரிங் வண்டிகள். அந்தக் காலத்துப் பாலக்கோடு, இராயக்கோட்டைச் சாலையில் அவற்றில் போனவர்கள் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள்.

"நம்ம கார்லயே போயிடலாம்," என்றார் என் கணவர்.

"யாருங்க ஓட்டறது?"

"நோட்டு எழுதினது யாரு?"

என்னிடம் உரிமம் இருந்தது. ஆனால் நான் ஓட்டியதெல்லாம் கோயில் மைதானத்துக்குள் மட்டுமே.

அன்றிரவு அவரை அங்கேயே படுக்கவைத்துவிட்டு ஊருக்குப் போய், விடியலில் வெறும் காரைத் தர்மபுரிக்கு உருட்டிவந்தேன். வியாழன் காலை எட்டு மணிக்கு அங்கிருந்து புறப்பட்டோம். முன்னிருக்கை ஒன்றைக் கழற்றிவிட்டுப் பின்னிருக்கை வரை பலகையிட்டு மெத்தை விரித்திருந்தேன். தலை பின்புறமாக, இரண்டு கண்களுக்கும் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். நாள்கணக்கில் அசையாமல் படுக்க வேண்டியிருக்கும், முதுகில் தடவிவிடுங்கள் என்று மருத்துவர் சொன்னதால் ஒரு பெரிய பாட்டில் ஸ்பிரிட்டும் பையில் இருந்தது. உதவிக்கென்று அவர் எப்போதும் வைத்திருக்கும் சிவப்பு எண்ணெய் அரை லிட்டருக்கும் குறைவாகவே மீதியிருந்தது.

அந்தக் காரில் பிரேக்குக்கு மிதி கிடையாது. தரையில் காளான் போன்ற ஒரு ரப்பர்க் குமிழ்தான். விரலால் அழுத்துவதுபோல் பாதத்தால் அழுத்த வேண்டும். முதல் வளைவில் நான் சற்றுக் கூடுதலாக அழுத்திவிட்டேன். பின்னாலிருந்து அவர் மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது.

"பூ மேல கால் வெக்கற மாதிரி, செசிலி."

அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் எண்கள்தாம். "பதினெட்டு." சிறிது தூரம் கழித்து, "பதினேழு." பாலக்கோட்டைத் தாண்டியபோது, "பதினஞ்சு." சாலையின் இருபுறமும் புளியமரங்கள் இருந்தன. தக்காளிக் கூடைகளை ஏற்றிய மாட்டு வண்டிகள் எதிரே வந்தன. நான் பள்ளங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார் ஒவ்வொரு பள்ளத்தையும் விழுங்கிக்கொண்டு போனது. 'தெரியுதா?' என்று கேட்க நாக்கு நுனி வரை வரும். கட்டுப் போட்டிருப்பவரிடம் எதைக் கேட்பது என்று நிறுத்திக்கொள்வேன்.

பத்து மணியளவில் எஞ்சின் கொதித்து ஆவி கிளம்பியது. மேட்டில் ஒரு டீக்கடை தெரிந்தது. ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். கடைக்காரப் பெண்மணி முனியம்மா தண்ணீர்க் குடத்துடன் வந்து கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். விவரத்தைச் சொன்னதும் உள்ளே போய் மோர் கொண்டுவந்து, "படுத்தவாக்குல குடிக்கணும்னா இதாங்க சுளுவு," என்று ஒரு பப்பாளித் தண்டையும் நீட்டினார். அந்தத் தண்டின் வழியாக என் கணவர் மோர் குடித்தார். எனக்கு முனியம்மா ஒரு கவளம் களியும் கீரைக் கடைசலும் வைத்தார். மறுத்துப் பார்த்தேன்.

"வண்டி ஓட்டறவங்க பட்டினி கெடக்கக் கூடாது, அக்கா. கண்ணு இருட்டிக்கும்."

உட்கார்ந்து சாப்பிட்டேன். என் வாழ்வில் செய்த பெரிய தவறுகளில் அந்தப் பத்து நிமிடமும் ஒன்று என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேட்டில் வண்டி நின்றால் யாரும் சொல்லாமலே, பக்கத்தில் இருக்கும் எவராவது ஒரு கல்லைத் தூக்கிவந்து சக்கரத்துக்கு அணைகொடுப்பார்கள். நன்றிகூட எதிர்பார்க்க மாட்டார்கள். கடையில் உட்கார்ந்திருந்த டிராக்டர் ஓட்டுநர் மாதப்பன் அதைத்தான் செய்திருந்தார். ஆனால் எங்கள் காரின் பின்சக்கரங்களைத் தகடு மூடியிருக்கும். சக்கரம் கையில் அகப்படாததால், முயல்குட்டி பருமனுள்ள ஒரு கல்லைக் காரின் வயிற்றுக்கடியில், சக்கரம் இருக்கும் திசையை நோக்கித் தள்ளி வைத்துவிட்டார். பிறகு கார் தன் இயல்புப்படி படுத்தது.

"செசிலி, வண்டி ஏன் சாஞ்சிருக்கு?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

இலையை விட்டு எழுந்து ஓடினேன். கல்லின் மேல் கார் ஒருக்களித்துக் கிடந்தது. எஞ்சினைக் கிளப்பினேன், முனகிக்கொண்டு எழுந்தது. மாதப்பன் கல்லை இழுத்தெடுத்தார். அதன் பின்னாலேயே சிவப்பாக ஒழுகி மண்ணில் பரவியது.

"ஐயோ, கோழி எதுனா அடியில மாட்டிக்கிச்சாட்டம் இருக்குதே," என்று குனிந்து பார்த்தார் முனியம்மா.

"கோழி இல்லங்க. வண்டியோட எண்ணெய்." எஞ்சினை அணைத்தேன்.

முனியம்மா நிமிர்ந்தார். "ஏன் மாதப்பா, உன்ன யாரு கல்லு வெக்கச் சொன்னா?"

"நல்லதுக்குத்தானே வெச்சேன். படுக்கற வண்டின்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன ஜோசியக்காரனா?"

"கல்லு வெக்கறதுக்கு முந்தி அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

மாதப்பன் காதில் அது விழவில்லை. மண்ணில் பரவிய சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னக் கசிவுதாங்க," என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் ஒழுகும் குழாய் ரப்பரா இரும்பா என்று பார்க்கச் சொன்னார். ரப்பர். எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். இரும்பாக இருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். அதில் அழுத்தம் மிக அதிகம். ரப்பர்க் குழாயை மாற்றிக் கட்டிவிட முடியும்.

"மருந்து அடிக்கிற பம்புல இதே மொத்தத்துல குழாய் இருக்குதுங்க, டீச்சர்," என்று மாதப்பன் தக்காளித் தோட்டத்தை நோக்கி ஓடினார். குழாயோடு ஒரு தகர டப்பாவையும் தூக்கிவந்தார். "டிராக்டர் எண்ணெய். புதுசு. இத ஊத்தினா பறக்கும்."

அடிக்கோடிட்ட இன்னொரு பக்கம் எனக்கு நினைவுக்கு வந்தது. சிவப்பு எண்ணெய் வண்டியில் எஞ்சின் எண்ணெயோ மண்ணிலிருந்து எடுத்த வேறெந்த எண்ணெயோ ஒரு கரண்டி விழுந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர்கள் அத்தனையும் ஊறிப் பிதுங்கிவிடும். வேண்டாம் என்றேன்.

"எண்ணெய்க்கு எண்ணெய் என்னங்க வித்தியாசம்? எல்லாம் வழவழன்னுதானே இருக்கு."

"வேண்டாங்க, மாதப்பன்."

"அப்ப எத ஊத்துவீங்க? இந்தப் பக்கம் கடைன்னா இராயக்கோட்டைக்குத்தான் போவணும். பஸ்சு ஒரு மணிக்குத்தான்."

மணி பத்தேமுக்கால். இரண்டு லிட்டருக்கு மேல் மண் குடித்திருந்தது. நான் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே கட்டுப் போட்ட முகம் கூரையைப் பார்த்தபடி இருந்தது.

"ரெண்டாவது நோட்டு," என்றார் அவர். "முதல் முதல்ல இந்த வண்டிய செஞ்சப்ப எத ஊத்தினாங்க?"

எழுதியது என் கை, நினைவு அவருக்கு. தொடக்க ஆண்டுகளில் அந்த எண்ணெயே ஆமணக்கு வித்திலிருந்து எடுத்துச் சாராவியில், அதாவது ஸ்பிரிட்டில், கரைத்ததுதான். 'சாராவி' என்ற சொல்லுக்காக நாங்கள் ஒரு ஞாயிறு முழுவதும் வாதாடியிருந்தோம்.

"முனியம்மா, இங்க வெளக்கெண்ணெய் கெடைக்குமா?"

"இதென்ன கேள்வி, அக்கா? ஒவ்வொரு வூட்டுலயும் காய்ச்சி வெச்சிருப்பாங்களே."

மாதப்பன் மறுபடி ஓடினார். சாலையோரம் இருந்த பத்துப் பன்னிரண்டு வீடுகளிலும் அவர் குரல் கேட்டது. ஒரு வீட்டிலிருந்து தெலுங்கில் ஒரு பெண் யாருக்குப் பேதி என்று கேட்டதையும், மாதப்பன் காருக்கு என்று சொன்னதையும், வீடே சிரித்ததையும் முனியம்மா எனக்குத் தமிழில் சொன்னார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். தம்ளரிலும் மருந்துப் பாட்டிலிலும் கொட்டாங்கச்சியிலுமாக எண்ணெய் வந்து சேர்ந்தது. மண் துகள் ஒன்று உள்ளே போனாலும் ஆபத்து. என் கணவருடைய புது வேட்டியைக் கிழித்து மூன்று முறை வடிகட்டினேன். முதுகில் தேய்க்க வைத்திருந்த ஸ்பிரிட்டை ஊற்றிக் கலக்கியதும் கெட்டிப் பதம் இளகியது. மீதியிருந்த சிவப்பு எண்ணெயையும் அதில் சேர்த்தேன்.

குழாயை மாட்ட யாராவது காருக்கடியில் போக வேண்டும். எந்த நேரத்திலும் இறங்கிவிடக்கூடிய கார் அது. உள்ளே இருப்பவரையும் இறக்க முடியாது. மாதப்பன் தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்பக் கல்லு வெக்கலாங்களா, டீச்சர்?"

"இப்ப வைங்க."

தொட்டியில் மீந்திருந்த எண்ணெயைக் கொண்டே எஞ்சினை ஒரு நிமிடம் ஓட்டி, தாழ்ந்திருந்த காரை எழுப்பிவிட்டு அணைத்தேன். நோட்டில் வரைந்திருந்த நான்கு இடங்களைக் காட்டினேன். ஏர்க்கால் துண்டுகளையும் கற்களையும் அடுக்கி முட்டுக் கொடுத்தபின் அவர் உள்ளே ஊர்ந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. முனியம்மா அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலே என் கணவர் மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல் கிடந்தார். முடிச்சுப் போட்டுவிட்டு மாதப்பன் வெளியே வந்தபோது அவர் முகமெல்லாம் சிவப்பாக இருந்தது.

பன்னிரண்டரைக்கு எஞ்சினைக் கிளப்பினேன். கார் யோசித்தது. பிறகு ஓர் அங்குலம், இன்னோர் அங்குலம் என்று எழுந்தது. முனியம்மா காசு வாங்க மறுத்துவிட்டார். மாதப்பன் கார் நின்ற இடத்திலிருந்து கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தொலைவில் எறிந்துகொண்டிருந்தார்.

அதன் பிறகுதான் நானும் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். டிக். ஒன்பது எண்ணுவதற்குள் அடுத்த டிக்.

"பதினாலு," என்றார் பின்னாலிருந்து.

மீண்டும் எண்ணினேன். ஒன்பது.

"பதினாலு. நல்லாத்தான் இருக்கு, செசிலி. மெதுவாப் போ."

கண் கட்டியிருந்தாலும் அவர் காதில் பழுதில்லை. வாழ்நாள் முழுதும் அளந்து குறித்தவர் அவர். ஒரு கோல் நிலம் கூடினாலும் குறைந்தாலும் விடாதவர். நான் "சரிங்க" என்று மட்டும் சொன்னேன்.

இராயக்கோட்டையை நெருங்கும் இறக்கத்தில் ஒரு மாட்டு வண்டி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. தக்காளி சாலை முழுதும் உருண்டு கிடந்தது. குமிழை அழுத்தினேன், பாதி அழுத்தம் வரை ஒன்றும் நடக்கவில்லை. கருவிப் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. முழுதாக அழுத்தினால் ஒருவேளை நிற்கும். நின்றால் அந்தத் தலை முன்னால் வீசப்படும். கியரைக் கீழிறக்கினேன். கனத்துப்போன ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் இழுத்து, புளியமரத்துக்கும் வண்டிக்கும் நடுவே இருந்த உழவு மண்ணில் காரை இறக்கினேன். தக்காளிகள் சக்கரத்தில் நசுங்கும் ஓசை கேட்டது. உழவுச் சால்களின் மேல் கார் அலைமேல் தோணி போல ஏறி இறங்கி, ஊர்ந்து, மறுபடி சாலையைத் தொட்டது. வண்டிக்காரர் கன்னடத்தில் ஏதோ கத்தினார். ஏசியிருப்பார்.

"என்ன ஆச்சு?"

"வண்டி ஒண்ணு நின்னுச்சு. சுத்திக்கிட்டு வந்தேன். குலுங்குச்சாங்க?"

"இல்ல," என்றார். சற்று நேரம் கழித்து, "பதிமூணு," என்றார்.

நான் எண்ணியது ஆறு.

ஒசூர் எல்லைச் சாவடியில் ஒரு காவலர் மூக்கைச் சுளித்து, என்ன விளக்கெண்ணெய் நாற்றம், வண்டியில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாளா என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். கட்டுப் போட்ட முகத்தைக் கண்டதும் கேள்வியை விட்டுவிட்டுக் கம்பத்தைத் தூக்கினார். மருத்துவமனை வாசலுக்கு வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் நாலேமுக்கால். தள்ளுபடுக்கையில் அவரை ஏற்றிய பிறகே எஞ்சினை அணைத்தேன். பின்னால் கார் மெல்லப் படுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை அறுவை முடிந்தது. நடுப்பகுதி ஒட்டியபடியே வந்து சேர்ந்தது என்று அந்த மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னார். குலுங்காமல் எதில் வந்தீர்கள் என்று கேட்டார். வாசலில் படுத்திருந்த காரைக் காட்டினேன். ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். என் கணவர் நெடுநேரம் சன்னலையே பார்த்தார்.

"கம்பி வளைஞ்சிருக்கு," என்றார்.

கம்பிகள் நேராகத்தான் இருந்தன. நேர்கோடுகளெல்லாம் சில மாதங்கள் அப்படித்தான் தெரியும், மெல்லச் சரியாகும் என்றார்கள். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "கண்ணுக்குக் கீழ கறுத்துப் போயிருக்கு உனக்கு," என்றார். அது வளைவில்லாத உண்மை.

மூன்று வாரம் கழித்து ஊர் திரும்பினோம். கழற்றி டிக்கியில் வைத்திருந்த முன்னிருக்கையை மாட்டி அவரை என் பக்கத்தில் உட்காரவைத்தேன். ஓட்டக் கூடாது, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. முனியம்மா கடையில் நிறுத்தியபோது மாதப்பன் எங்களைக் கண்டு ஓடிவந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். "ஒண்ணும் இல்லீங்க, டீச்சர். பாத்துக்குங்க." நாங்கள் டீ குடித்து முடிக்கும் வரை காரின் பக்கத்திலேயே காவல் நின்று, யாரையும் நெருங்க விடவில்லை. அவருடைய சட்டைப் பொத்தான்களை என் கணவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலக்கோட்டை நோக்கித் திரும்பிய பிறகு நான் கேட்டேன், "எத்தனை வருதுங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கண்ணை மறுபடி திறந்து பார்க்க முடியும் என்ற நிதானத்தோடு மூடிக்கொண்டார். டிக். உதடு அசைந்தது. டிக்.

"எட்டு," என்றார். "எட்டுதான் வருது, செசிலி."

நானும் எட்டுதான் எண்ணியிருந்தேன். கியரைக் கீழிறக்கி வேகத்தைக் குறைத்தேன்.